பஞ்சப்படி யாருக்கு? பஞ்சம் யாருக்கு?

அன்னூர்ப் பக்கம் ஒரு வளவு. அங்கே ஒரு அம்மாயி. வயசு எழுபதுக்கு மேல் இருக்கும். ஆதார் அட்டையில் இருக்கிற பிறந்த தேதி, எழுதியவர் குத்துமதிப்பாகப் போட்டது. பென்சன் ஏறிவிட்டது என்று தெரிந்தால், கருக்கலில் எழுந்து கைரேகை மெஷின் இருக்கிற ஊருக்கு நடப்பார். பாதி மாசம் மெஷின் அவர் ரேகையை ஏற்காது. துணியில் துடைத்து, விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, 'நாளைக்கு வாங்க' என்று தாட்டி விட்டுவிடுவார்கள்.

"என்ற ரேகையெல்லாம் பண்ணாடி காட்டுலயே தேஞ்சு போச்சு கண்ணு. அந்தக் காட்டு மண்ணுல வெச்சாத்தான் புடிக்கும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

2023இல் முதியோர் பென்சன் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து இருநூறு ஆனது. "சந்தோசமா அம்மாயி?" என்று கேட்டேன்.

"குடுத்தா வேண்டாம்னு சொல்லுவமா? ஆனா ஒண்ணு கண்ணு, கூட்டறதுக்கு என்ன கணக்குன்னு ஆருக்காச்சும் தெரியுமா? வாத்தியார் செத்துப்போன ஊட்டுல அந்தம்மாவுக்கு வருசத்துல ரெண்டு வாட்டி ஏறுதாமா. எங்களுக்கு ஓட்டு வந்தாத்தான் ஏறுது. எங்க ஊட்டுக்கு வார பருப்பு மட்டும் பழைய வெலைக்கா வருது?"

படிப்பில்லாத ஒரு அருந்ததியக் கிழவி கேட்ட இந்தக் கேள்வியைச் சட்டமன்றத்தில் அழுத்திக் கேட்க ஆள் இல்லை. பென்சன் எவ்வளவு என்று கட்சிகள் ஒன்றையொன்று மிஞ்சி அறிவிக்கின்றன. எந்தக் கணக்கில் கூட்டுகிறீர்கள் என்ற பேச்சு எழுவதே இல்லை. தோழர்களே, அநியாயம் அந்தக் கணக்கில்தான் ஒளிந்திருக்கிறது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

இருபது ரூபாயில் தொடங்கிய கதை

நம் மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியம் 1962இல் வந்தது. காமராசர் ஆட்சி. மாதம் 20 ரூபாய். ஆதரவற்றவர் என்று நிரூபித்தால் கிடைக்கும். மத்திய அரசு இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க இன்னும் முப்பத்து மூன்று வருசம் ஆனது. 1995 ஆகஸ்டு 15இல் தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டம் வந்தது. அவர்கள் பங்கு 75 ரூபாய். 2006இல் அது 200 ஆனது. 2007இல் இந்திரா காந்தி பெயரைச் சூட்டினார்கள். 2011இல் வயது வரம்பை 65லிருந்து 60க்கு இறக்கி, எண்பது தாண்டியவர்களுக்கு 500 என்றார்கள். ஆனால் அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வயது வரையிலானவர்களுக்கு அதே 200தான். 2025 வரை எந்த நிதியமைச்சரும் அந்த இருநூறைத் தொடவில்லை. காங்கிரசும் தொடவில்லை, பாரதிய ஜனதாவும் தொடவில்லை. இந்த ஒரு விசயத்தில் இருவருக்கும் நல்ல ஒற்றுமை.

தமிழ்நாட்டில் இப்படி இல்லை, மாநில அரசு தன் கையிலிருந்து போட்டது. 2011இல் ஆட்சிக்கு வந்ததும் ஜெயலலிதா 500ஐ 1000 ஆக்கினார். அது பெரிய உயர்வுதான், மறுக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகு? பன்னிரண்டு வருசம் ஆயிரம் ஆயிரமாகவே கிடந்தது. அந்த அம்மா இரண்டு முறை தேர்தலில் ஜெயித்து, காலமாகி, பிறகு இரண்டு முதல்வர்கள் வந்து, ஆட்சியும் மாறி, 2023இல்தான் இருநூறு கூடியது. பன்னிரண்டு வருசத்துக்கு இருநூறு. வகுத்துப் பாருங்கள், வருசத்துக்குப் பதினாறு ரூபாய் அறுபத்தேழு காசு.

இதே பன்னிரண்டு வருசத்தில் மற்றவர்களுக்கு என்ன நடந்தது? 2011 சூலையில் அடிப்படை ஓய்வூதியம் 10,000 வாங்கிய ஒரு அரசுப் பென்சன்தாரர், அன்றைய 58 சதவீத அகவிலைப்படியோடு 15,800 பெற்றார். ஏழாவது ஊதியக்குழுவில் அவர் அடிப்படை 2.57 மடங்காகி 25,700 ஆனது. 2023 ஏப்ரலில் அதற்கு மேல் 42 சதவீதப் படி. மொத்தம் 36,494. அதாவது 2.3 மடங்கு.

அவர் மாதச் சம்பளக்காரர், அவரோடு ஒப்பிடாதே என்பார்கள். சரி, நூறு நாள் வேலைக்குப் போனவளோடு ஒப்பிடுவோம். தமிழ்நாட்டில் 2011இல் அந்த வேலைக்குத் தினக்கூலி 119 ரூபாய். 2023-24இல் 294. கிட்டத்தட்ட இரண்டரை மடங்கு. அந்தக் கூலி விவசாயத் தொழிலாளர்களின் விலைவாசிக் குறியீட்டை வைத்து வருசா வருசம் திருத்தப்பட்டது. அதுவே போதவில்லை என்பது வேறு சண்டை. ஆனாலும் ஒரு கணக்கு இருந்தது.

இந்த இரண்டு கணக்கில் எதை எடுத்தாலும் 2023இல் அம்மாயிக்கு 2,300க்குக் குறையாமல் வந்திருக்க வேண்டும். வந்தது 1,200. 'உயர்த்தினோம்' என்று பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கலாம். உண்மையில் 2011இல் கொடுத்ததில் பாதியை விலைவாசி தின்றுவிட்டது. தின்றதில் ஒரு பிடியைத்தான் 2023இல் திருப்பிக் கொடுத்தார்கள்.

பஞ்சப்படி என்ற சொல்

கோவை மில் தொழிலாளர்களிடம் ஒரு பழைய சொல் உண்டு: பஞ்சப்படி. அரசாங்கத் தமிழில் அகவிலைப்படி. எனக்கு மில்காரர்களின் சொல்தான் பிடிக்கும். பஞ்ச காலத்தில் வயிறு காயாமல் இருக்க அளக்கிற படி அது. விலைவாசிப் புள்ளி ஏறினால் புள்ளிக்கு இத்தனை காசு என்று ஒப்பந்தம் போட்டு, சங்கம் கட்டி, கதவடைப்பில் பட்டினி கிடந்து வாங்கியது.

இந்தப் புள்ளியை யார் எடுக்கிறார்கள்? லேபர் பீரோ என்கிற மத்திய அரசு நிறுவனம். நாடு முழுக்க 88 தொழில் மையங்களில் கடை கடையாக விலை விசாரித்து, மாதம் ஒரு குறியீடு போடுகிறது. அதில் ஒன்று குன்னூர். இன்னொன்று நம்ம கோயமுத்தூர். இங்கே அரிசி என்ன விலை, தக்காளி என்ன விலை, வீட்டு வாடகை எவ்வளவு என்று நம் கடைவீதியில் விசாரித்த கணக்கும் சேர்ந்துதான், தில்லியில் உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு வருசத்துக்கு இரண்டு முறை படி ஏறுகிறது. அதே கடைவீதியில் கால் கிலோ துவரம்பருப்பை நூறு கிராமாகக் குறைத்து வாங்கிப்போகிற கிழவிக்கு ஒரு காசு ஏறுவதில்லை. விலை விசாரிக்க நம் ஊர் வேண்டும். விலைக்கேற்ற படி கொடுக்க நம் ஆட்கள் வேண்டாம்.

இதில் இன்னொரு செய்தியும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வைத்திருந்தவர் அண்ணல் அம்பேத்கர். வாழ்க்கைச் செலவுக் குறியீடு எடுக்க 1941இல் தொடங்கிய இயக்ககம் அந்தத் துறையில்தான் வேலை செய்தது. 1946 அக்டோபரில் அதுதான் லேபர் பீரோ ஆனது. ஏழையின் உலைச்செலவைக் கணக்கெடுத்துக் கூலியோடு கட்டிப்போடும் வேலையில் நம் தலைவரின் கை பட்டிருக்கிறது. அந்தக் கணக்கு இன்று மேலே இருக்கிறவனுக்குப் போகிறது, கீழே வருவதில்லை.

வழி இல்லாமலா வரவில்லை? விவசாயத் தொழிலாளர்களுக்கென்றே தனி விலைக் குறியீட்டை அதே லேபர் பீரோ மாதா மாதம் வெளியிடுகிறது. கணக்கு தயாராக இருக்கிறது. அதைக் கிழவியின் பென்சனோடு கோர்க்க ஒரு வரிச் சட்டம் போதும். அந்த ஒரு வரியை எழுத யாருக்கும் மனசு வரவில்லை.

தங்களுக்கு எழுதிக்கொண்டார்கள்

மனசு வந்த இடமும் உண்டு. 2018 நிதிச் சட்டத்தில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை ஐந்து வருசத்துக்கு ஒருமுறை விலைவாசிக் குறியீட்டின்படி தானாக உயரும்படி எழுதிக்கொண்டார்கள். அந்த வழியில் 2025 மார்ச்சில் ஓர் அறிவிப்பு வந்தது. முன்னாள் எம்.பி. ஒருவரின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 25,000லிருந்து 31,000. அதுவும் 2023 ஏப்ரல் முதல் முன்தேதியிட்டு. ஐந்து வருசம் எம்.பி.யாக இருந்தவருக்கு ஆறாயிரம் கூடியது. அறுபது வருசம் களை எடுத்தவளுக்குத் தில்லியின் பங்கு இருநூறிலேயே நின்றது. தமிழ்நாட்டிலும் 2025இல் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் ஓய்வூதியம் 30,000லிருந்து 35,000 ஆனது. இதற்கெல்லாம் நிதி நெருக்கடி குறுக்கே வரவில்லை.

நடுவில் இருக்கிற மில் தொழிலாளியைப் பாருங்கள். வேலையில் இருக்கிற வரைக்கும் பஞ்சப்படி வாங்கினவர். 1995 நவம்பரில் வந்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில், ஓய்வு பெற்ற நாளோடு அவருடைய பஞ்சம் தீர்ந்துவிட்டதாக முடிவு கட்டிவிட்டார்கள். எத்தனை ரூபாய் நிர்ணயமானதோ அதுவேதான் சாகிற வரைக்கும். 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1000 என்றார்கள். அதற்கு முந்தைய வருசமே பகத்சிங் கோஷியாரி தலைமையிலான மாநிலங்களவைக் குழு 3000 கொடு என்று சொல்லியிருந்தது. பத்து வருசத்துக்கு மேல் அந்த ஆயிரம் அசையவே இல்லை. கோவையில் என்.டி.சி. மில்கள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன. அங்கே சுத்தம் செய்யும் வேலையிலும் கூலி குறைந்த பிரிவுகளிலும் காலம் தள்ளிய நம்மவர்கள் கடைசியில் பார்த்தது இந்தப் பென்சனைத்தான். வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்களும் இதே திட்டத்தில்தான். ஓய்வு பெற்றால் லயன் வீட்டையும் விட்டு இறங்கியாக வேண்டும்.

இன்னும் கீழே வாருங்கள். கோவையின் குப்பையை அள்ளுகிற ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். 2022 அக்டோபரில் இவர்கள் வேலைநிறுத்தம் செய்தது வானத்தைக் கேட்டு அல்ல. மாவட்ட ஆட்சியர் நிர்ணயித்த 721 ரூபாய் தினக்கூலியைக் கொடு என்றுதான். அதே மாதம் நகராட்சி நிர்வாகத் துறையின் 152ஆம் அரசாணை வந்து, மாநகராட்சிகளின் கடைநிலை வேலைகளை வெளியாட்களிடம் ஒப்படைக்க வழி திறந்தது. அதை ரத்து செய் என்று சங்கங்கள் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. நிரந்தர வேலையாக இருந்தபோது சாக்கடை அள்ளிய அப்பனுக்கு ஒரு பென்சனாவது இருந்தது. மகன் ஒப்பந்தக்காரனிடம் அதே சாக்கடையை அள்ளுகிறான். அவனுக்குக் கடைசியில் அம்மாயியின் வரிசைதான்.

கதவடைத்த பிறகு சாவி

இப்போது இரண்டு வருசங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன், கவனித்துப் பாருங்கள்.

2003. ஏப்ரல் 1க்குப் பிறகு அரசு வேலைக்கு வருகிறவர்களுக்குப் பழைய பென்சன் இல்லை, சம்பளத்தில் பத்து சதவீதம் பிடிக்கும் பங்களிப்புத் திட்டம்தான் என்றது ஜெயலலிதா அரசு. அந்த வருசம் சூலையில் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை ஒரே ராத்திரியில் வீட்டுக்கு அனுப்பியதும் அதே அரசுதான்.

2009. நீதிபதி ஜனார்த்தனம் பரிந்துரையின்பேரில் கருணாநிதி அரசு பட்டியல் சாதியினருக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்தது. எத்தனை பேரணி, எத்தனை கைது, எத்தனை வருசக் கூச்சல்! 2024 ஆகஸ்டு 1இல் உச்சநீதிமன்றமும் உள் ஒதுக்கீடு செல்லும் என்று சொல்லிவிட்டது. நமக்கு வெற்றிதான்.

ஆனால் ஆறு வருசம் முன்னதாகவே பென்சன் கதவைப் பூட்டிவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அரசு வேலை பார்த்து, வீடு கட்டி, பிள்ளைகளை வெளிநாடு அனுப்பிய சாதிகள் பழைய பென்சனோடு ஓய்வு பெற்றன. வளவிலிருந்து முதல் பிள்ளை படித்து உள் ஒதுக்கீட்டில் வேலைக்குப் போனபோது, 'உங்களுக்குப் பங்களிப்புத் திட்டம்' என்றார்கள். 2003இல் அரசாணை எழுதியவர்கள் நம்மை நினைத்து எழுதினார்கள் என்று நான் சொல்லவில்லை. நினைக்கவே இல்லை என்றுதான் சொல்கிறேன். இந்த நாட்டில் எந்தச் சலுகையும் பழசாகித் தீருகிற நேரத்தில்தான் நம் கைக்கு வருகிறது.

போராடித்தான் இதில் ஒரு திருத்தம் வந்தது. ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்கள் காலவரையற்ற வேலைநிறுத்தம் என்று தேதி குறித்த பிறகு, 2026 சனவரி 3இல் தி.மு.க. அரசு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தில் பாதி பென்சன், அதற்கு வருசம் இரண்டு முறை அகவிலைப்படி. பழைய பென்சன் முழுசாக இல்லை, ஊழியரின் பத்து சதவீதம் போகிறது. ஆனாலும் உயர்வுக்கு ஒரு கணக்கு உண்டு என்ற கொள்கையை அரசு ஒப்புக்கொண்டது. அரசு ஊழியருக்கு ஒப்புக்கொண்டதை ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கூலிக்காரிக்கும் ஏன் ஒப்புக்கொள்ளக் கூடாது?

பென்சன் முதலாளி போடும் பிச்சை அல்ல, செய்த வேலைக்கான உரிமை என்று 1982 டிசம்பரில் நகாரா வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது. ஓய்வு பெற்ற தேதியை வைத்துப் பென்சன்தாரர்களைப் பிரித்துப் பார்க்கக் கூடாது என்றும் சொன்னது. 2025 நிதிச் சட்டத்தில் அந்தப் பிரிப்பைச் செய்ய மத்திய அரசு தனக்கு அதிகாரம் எடுத்துக்கொண்டது. அரசு ஊழியர்களின் உரிமையிலேயே கை வைக்கிற காலம் இது. அப்படியானால் உரிமை என்றே இன்னும் பேர் வாங்காத நம் கிழவிகளின் கதி என்ன?

தென்னாப்பிரிக்காவில் எழுதினார்கள், இங்கே எழுதவில்லை

தென்னாப்பிரிக்காவில் 1928இல் முதியோர் பென்சன் சட்டம் வந்தபோது வெள்ளையருக்கும் கலப்பினத்தவருக்கும் மட்டும் கொடுத்தார்கள். கறுப்பர்களைச் சேர்க்க 1944 ஆனது. சேர்த்தபோதும் கறுப்பனுக்குத் தனி ரேட், வெள்ளைக்காரனுக்கு மேலான ரேட். சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். நிறவெறி ஆட்சி சாகிற நேரத்தில், 1993இல்தான் எல்லாருக்கும் ஒரே தொகை ஆனது.

நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. சாதி பார்த்து பென்சன் என்று எந்த அரசாணையிலும் ஒரு வரிகூட இருக்காது. என்ன வேலை என்று மட்டும்தான் பார்ப்பார்கள். என்ன வேலை என்பதை யார் தீர்மானித்தார்கள்? கொங்கு நாட்டில் அதைத் தீர்மானித்தது சாதி. வருசக் கூலிக்குப் பண்ணையாளாக நின்றவன், கவலைக்குத் தோல் தைத்தவன், எருமைச் சாணி வழித்தவள் எல்லாம் யார்? சாதி வேலையைக் கொடுத்தது. வேலை பென்சனைத் தீர்மானித்தது. பென்சனின் வகை உயர்வைத் தீர்மானித்தது. கடைசிக் காகிதத்தில் சாதி என்ற சொல்லே இருக்காது. தென்னாப்பிரிக்க வெள்ளையன் எழுதி வைத்துச் செய்ததை நம்மவர்கள் எழுதாமலே செய்கிறார்கள்.

பென்சன் கம்மியாக இருப்பதில் பண்ணாடிக்கும் லாபம் உண்டு. ஆயிரத்து இருநூறில் மாசம் ஓடாது. அதனால்தான் எழுபது வயசில் அம்மாயி இன்னும் களை எடுக்கப் போகிறார். சின்ன வயசுக்காரர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட பிறகு, காட்டு வேலைக்குக் கிடைப்பது கிழவிகள்தான். பாதிக் கூலி போதும், எதிர்த்துப் பேசவும் மாட்டார்கள். மேலே பேசினால் 'பென்சனை நிறுத்திப்போடுவேன்' என்று மிரட்ட ஊரில் ஆள் இருக்கிறது. உரிமைக்கும் உதவிக்கும் உள்ள வித்தியாசம் அந்த மிரட்டலில் தெரியும். எந்த அரசுப் பென்சன்தாரரிடமாவது ஊர்ப் பெரியதனக்காரர் இப்படிப் பேச முடியுமா?

பணம் எங்கே என்பவர்களுக்கு

பணம் இல்லை என்பார்கள். கணக்குப் போடுவோம். முதியோர், விதவையர் என்று மாநிலத்தில் இப்படிப் பென்சன் வாங்குகிறவர்கள் ஏறத்தாழ 30 லட்சம் பேர். தலைக்கு மாதம் 1,200 கூட்டி 2,400 ஆக்கினால் வருசத்துக்குக் கூடுதல் செலவு 4,320 கோடி. 2025-26 நிதிநிலை அறிக்கையில் மாநிலத்தின் வருவாய் மதிப்பீடு 3 லட்சத்து 31 ஆயிரம் கோடி. நூறு ரூபாயில் ஒன்றரை ரூபாய்கூட வரவில்லை.

இன்னொரு கணக்கு நம் ஊருக்கு நன்றாகப் புரியும். மின்கட்டண உயர்வை எதிர்த்து 1972இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டு வண்டிகளோடு கோயமுத்தூரையே மறித்தார்கள். 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மோட்டாருக்கு இலவச கரண்ட் வந்தது. கரண்ட் விலை எத்தனை முறை ஏறினாலும் நிலக்காரர் பைசா கட்ட வேண்டாம், ஏறிய விலையை அரசு கட்டும். யோசித்துப் பாருங்கள். விலை ஏற ஏறத் தானாக ஏறும் உதவி அது. பஞ்சப்படிதான் வேறென்ன? கிணறு இருக்கிறவனுக்குத் தானாக ஏறுகிறது. அந்தக் கிணற்றில் சேறு எடுத்தவளுக்குப் பன்னிரண்டு வருசத்துக்கு ஒருமுறை மந்திரி அறிவிக்க வேண்டியிருக்கிறது. இலவச கரண்டைப் பிடுங்கு என்று நாம் கேட்கவில்லை. அவர்கள் சங்கமாக நின்று வாங்கினார்கள். நாம் ஏன் நிற்கவில்லை?

நம்மிடமும் ஒரு கேள்வி

அரசு ஊழியர்களை எதிரியாக்கி, 'உனக்கு அவ்வளவு, அவளுக்கு இவ்வளவா' என்று பேசுவதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது. ஊழியரின் பென்சனைக் குறைத்தால் கிழவிக்குக் கொடுப்பார்கள் என்று யாராவது நம்புகிறீர்களா? 2003இல் குறைத்தார்களே, மிச்சம் பிடித்தது வளவுக்கா வந்தது? அவர்கள் வாங்கியதை நாமும் வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் நம் பட்டியல் சாதி ஊழியர் சங்கத் தோழர்களிடம் ஒன்று கேட்பேன். உங்கள் கோரிக்கைப் பட்டியலில் உங்கள் ஆத்தாவின் பென்சன் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது?

இயக்கமும் இதில் தப்பிக்க முடியாது. இரட்டை டம்ளரை உடைத்தோம், கோயில் நுழைவுக்கு நின்றோம், ஆணவக் கொலைக்கு எதிராகத் தெருவில் உட்கார்ந்தோம். எல்லாம் சரி. பென்சன் மனு எழுதும் வேலையை மட்டும் ஆளுங்கட்சிக்காரரிடமும் புரோக்கரிடமும் விட்டுவிட்டோம். அது 'சலுகை' வேலை, போராட்டம் இல்லை என்று நினைத்தோம். அரசியல் சட்டத்தின் 41ஆம் பிரிவு முதுமையில் அரசின் உதவி பெறுவதை உரிமை என்றே பேசுகிறது. நீதிமன்றம் போய்க் கேட்க முடியாத பகுதியில் அதை வைத்துவிட்டார்கள். கோர்ட்டில் கேட்க முடியாததைத் தெருவில்தான் கேட்க வேண்டும். தெரு நம் இடம்தானே?

கேட்க வேண்டியது இவைதான்.

2011இல் கொடுத்த ஆயிரத்தின் மதிப்பைத் திருப்பிக் கொடு. அது 2,400க்குக் குறையாது. மத்திய அரசு தன் இருநூறைத் திருத்தட்டும்.

அதன் பிறகு விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டின்படி வருசா வருசம் உயர்வு. இது அரசாணையாக வேண்டாம், சட்டமாக வேண்டும். ஆணையை அடுத்தவர் வந்து கிழித்துவிடுவார்.

1995 திட்டத்தில் இருக்கும் மில், தோட்டத் தொழிலாளர் பென்சனுக்குப் பஞ்சப்படி.

தூய்மைப் பணி நிரந்தரம். ஒப்பந்தத்தில் கழிந்த வருசங்களையும் பென்சனுக்குச் சேர்.

ரேகை தேய்ந்தவர்களுக்கு வீட்டில் கொண்டுவந்து பணம் கொடு. உழைத்துத் தேய்ந்த விரலைக் குற்றமாக்காதே.

மகளிருக்கு 2023இல் மாதம் ஆயிரம் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு 'உரிமைத் தொகை' என்று பேர் வைத்தார்கள். நல்ல பேர். அம்மாயி வாங்குவதை ஊரெல்லாம் இன்னும் 'உதவித் தொகை' என்றுதான் சொல்கிறது. பேரை மாற்றச் சொல்லி நாம் மனுக் கொடுக்க வேண்டாம். உயர்வுக்குக் கணக்கு வந்துவிட்டால் பேர் தானாக மாறும்.

போன வாரம் போனபோதும் அம்மாயிக்கு ரேகை விழவில்லை. மூன்றாவது நாளாக நடந்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். இந்தக் கட்டுரையில் உள்ள கணக்கையெல்லாம் அவருக்குப் படித்துச் சொன்னேன். 2,300 என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"அப்ப மாசம் ஆயிரத்து நூறு எனக்கு வர வேண்டியது, வரலைங்கற."

"ஆமா அம்மாயி."

"அது கடனாச்சே கண்ணு. கடனைக் கேக்கறதுக்கு எதுக்குக் கும்பிட்டுக்கிட்டு நிக்கோணும்?"